தண்டச்சீட்டைக் கட்டாமல் விட்ட தம்பிக்கு இனி என்ன வழி?

கேள்வி: ஐயா, என் தம்பிக்கு 27 வயது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கடையில் வேலை செய்கிறான். போன வருடம் கனடாவிலிருந்து வந்த மாமாவை ஏற்ற நண்பனின் வானை எடுத்துக்கொண்டு கட்டுநாயக்கவுக்குப் போனபோது, அநுராதபுரத்தில் வேகமாக ஓடியதாகச் சொல்லி 3,000 ரூபாய் தண்டம் எழுதி லைசன்ஸை வாங்கி வைத்துவிட்டார்கள். வந்து கட்டுகிறேன் என்றவன் கட்டவேயில்லை. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் திரிந்தான். மூன்று மாதம் கழித்து யாழ்ப்பாணத்தில் பண்ணை என்ற இடத்தில், பின்னால் இருந்தவர் ஹெல்மெட் போடவில்லை என்று மறித்திருக்கிறார்கள். லைசன்ஸ் கேட்டதற்குப் பழைய சீட்டைக் காட்டியிருக்கிறான். வழக்கு எழுதி, யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்துக்குத் திகதி கொடுத்தார்கள். பயத்தில் அதற்கும் போகவில்லை. இப்போது கனடாவுக்கு வேலைக்குப் போக ஒரு வழி வந்திருக்கிறது. பொலிஸ் றிப்போட் (பொலிஸ் நற்சான்றிதழ்) கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "பிடியாணை இருக்கும், போனால் உள்ளுக்குப் போட்டுவிடுவார்கள்" என்கிறார். இன்னொருவர், "கொஞ்சக் காலம் போனால் தானாக அழிந்துவிடும், லைசன்ஸ் தொலைந்தது என்று என்ட்ரி போட்டுப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கோ" என்கிறார். வேறொருவர் 25,000 ரூபாய் தந்தால் எல்லாம் முடித்துத் தருவாராம். மோட்டார் சைக்கிளும் இன்னும் முன்பு வைத்திருந்தவரின் பெயரில்தான் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?
— ஒரு அக்கா, கொக்குவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருப்பது ஒன்றுதான் என்று தெரிகிறது: கோட்ஸ் படி ஏறினால் தம்பி நேரே மறியலுக்குப் போய்விடுவானா? முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான் என்றால், அவர் தானாகவே ஒரு சட்டத்தரணியோடு நீதிமன்றத்துக்கு வந்து நின்றால், இப்படியான வழக்குகள் வழமையாகத் தண்டப்பணத்தோடும் நீதவானின் கண்டிப்போடும் முடிபவை. முடிவு நீதவானின் கையில். அதற்கு நானோ வேறொருவரோ முன்கூட்டியே உத்தரவாதம் தர முடியாது. ஆனால் தன் காலால் நடந்து வந்து நிற்பவரையும், பொலிஸ் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துபவரையும் நீதிமன்றம் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. நான் இங்கே எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். ஆகவே காலம் கடத்த வேண்டாம். இந்தக் கிழமையே தொடங்குங்கள்.

3,000 ரூபாய் எப்படி இவ்வளவு பெரிய விஷயமாக வளர்ந்தது என்பதை உங்கள் தம்பியும் தெரிந்துகொள்ள வேண்டும். அநுராதபுரத்தில் கொடுத்த அந்தச் சீட்டுக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, கட்டவேண்டிய தொகையைச் சொல்வது. மற்றது, லைசன்ஸுக்குப் பதிலாக 14 நாளைக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாக இருப்பது. அந்த 14 நாளுக்குள் நாட்டின் எந்தத் தபால் கந்தோரிலும் பணத்தைக் கட்டலாம். அநுராதபுரத்தில்தான் கட்டவேண்டும் என்றில்லை, கொக்குவிலில் இருந்தே கட்டியிருக்கலாம். பற்றுச்சீட்டை லைசன்ஸ் எடுத்த பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன்ஸ் கைக்கு வந்துவிடும். 14 நாள் தாண்டினால் 28 ஆம் நாள் வரைக்கும் இரட்டிப்பாகக் கட்டலாம், அதாவது 6,000 ரூபாய். 28 நாளும் போய்விட்டால் தபால் கந்தோரின் கதவு பூட்டப்பட்டுவிடும். பிறகு பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவு செய்வார்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது தொகையை அல்ல. 28 நாளுக்குள் கட்டினால் அந்த விஷயம் எந்த நீதிமன்றப் பதிவிலும் ஏறாமலே முடிந்துபோகும். அதற்காக யாரும் உங்களை 'குற்றவாளியாகக் காணப்பட்டவர்' என்று சொல்ல முடியாது. அதைத் தாண்டிய பிறகு அதே வேக மீறல் ஒரு வழக்கு இலக்கமாகிறது, ஏற்றுக்கொண்டால் ஒரு தீர்ப்பாகிறது. வெளிநாட்டுக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் 3,000 ரூபாயை விடப் பல மடங்கு பெறுமதியானது.

தான் வேகமாக ஓடவில்லை என்று அவர் உண்மையிலேயே நினைத்திருந்தால், தண்டத்தைக் கட்டாமல் நீதிமன்றத்தில் 'சுற்றவாளி', அதாவது குற்றம் செய்யாதவர், என்று சொல்லி வழக்காடவும் அவருக்கு உரிமை இருந்தது. நகருக்கு வெளியே வானுக்கு 70 கிலோமீற்றர், கட்டடங்கள் நெருங்கிய பகுதிக்குள் 50 கிலோமீற்றர் என்பது வேக எல்லை. எந்த இடத்தில் எந்த எல்லை என்பதில் உண்மையான சர்ச்சைகள் வருவதுண்டு. ஆனால் கட்டாமலும் விட்டு, வழக்குக்கும் போகாமல் விடுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. தம்பி தெரிந்தெடுத்தது அந்த மூன்றாவது வழியை.

சரி, பண்ணையில் நடந்ததற்கு வருவோம். அங்கே அவர் காட்டியது காலாவதியான சீட்டு. சட்டத்தின் கண்ணில் அது வெறும் கடதாசி. ஆகவே பின்னால் இருந்தவர் ஹெல்மெட் போடாதது ஒரு குற்றச்சாட்டு, அனுமதிப்பத்திரம் பற்றியது இன்னொரு குற்றச்சாட்டு என்று வழக்கு எழுதியிருப்பார்கள். இந்த இரண்டாவதுதான் மிக முக்கியம். தயவுசெய்து உங்கள் சட்டத்தரணியிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்: குற்றத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன்பு குற்றப்பத்திரத்தில் என்ன சொல்லி எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்க வேண்டும். அனுமதிப்பத்திரமே பெறாமல் வாகனம் ஓட்டியது என்று எழுதியிருந்தால், அண்மைய ஆண்டுகளில் வந்த திருத்தங்களின்படி அதற்கு ஆகக் குறைந்த தண்டமே 25,000 ரூபாய். அனுமதிப்பத்திரம் பெற்றவர்தான், கேட்ட நேரத்தில் சமர்ப்பிக்கத் தவறினார் என்றால் அது மிகச் சிறிய குற்றம். உங்கள் தம்பியிடம் லைசன்ஸ் இருக்கிறது, அது அநுராதபுரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இதை நிரூபிக்க லைசன்ஸின் போட்டோப் பிரதி, லைசன்ஸ் இலக்கம், அந்தப் பழைய தண்டச்சீட்டு மூன்றும் வேண்டும். சீட்டை எறிந்துவிட்டாரா என்று இன்றைக்கே கேளுங்கள். எறிந்திருந்தாலும் பரவாயில்லை, திகதியும் லைசன்ஸ் இலக்கமும் இருந்தால் எழுதிய பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவில் அடிப்பிரதியைத் தேடி எடுக்கலாம்.

அடுத்தது பிடியாணை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. திகதி கொடுத்தும் போகாமல் விட்டதால் யாழ்ப்பாண வழக்கில் பிடியாணை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடவுங்கள். அநுராதபுரத்து வழக்கில் முதலில் அழைப்பாணை போயிருக்கும். அது லைசன்ஸில் உள்ள விலாசத்துக்குத்தான் போகும். இங்கேதான் யாழ்ப்பாணத்தில் ஏராளமானவர்கள் தங்களை அறியாமலே சிக்கிக்கொள்கிறார்கள். இடம்பெயர்ந்து ஓரிடம், வாடகை வீடு இன்னோரிடம், கல்யாணம் கட்டிப் போனது வேறோரிடம் என்று வாழ்ந்த சனம் நாங்கள். லைசன்ஸில் மட்டும் பழைய விலாசம் அப்படியே இருக்கும். அழைப்பாணை அங்கே போய் ஆளில்லை என்று திரும்பி வரும், அடுத்த தவணையில் பிடியாணை பிறக்கும். தனக்கு எதிராகப் பிடியாணை இருப்பது ஏதோ ஒரு சோதனையில் மறிபடும்போதுதான் அந்த ஆளுக்கே தெரியவரும். உங்கள் வீட்டில் மற்றவர்களின் லைசன்ஸையும் எடுத்து விலாசத்தைப் பாருங்கள்.

'கொஞ்சக் காலம் போனால் தானாக அழிந்துவிடும்' என்று சொன்னவருக்குச் சட்டம் தெரியாது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, ஒரு பிடியாணை அதைப் பிறப்பித்த நீதிமன்றம் இரத்துச் செய்யும் வரை, அல்லது நிறைவேற்றப்படும் வரை உயிரோடு இருக்கும். அதற்கு ஆயுட்காலம் கிடையாது. இலங்கையின் எந்த மூலையிலும் அதை நிறைவேற்றலாம். அநுராதபுரத்து நீதிமன்றம் பிறப்பித்ததை வைத்து யாழ்ப்பாணத்தில் கைது செய்யலாம், யாழ்ப்பாணத்தில் பிறந்ததை வைத்து கொழும்பில் கைது செய்யலாம்.

கைது என்று வந்தால் என்ன நடக்கும்? பொலிஸார் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிடித்தால் சனி, ஞாயிறு என்று குடும்பமே அலையவேண்டி வரும். அப்போது சட்டத்தரணி தேடுவது, பிணைக்கு ஆள் தேடுவது எல்லாம் அவசரத்தில் நடக்கும். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதைத்தான் பொது விதியாக வைத்திருக்கிறது. ஆனால் விட்டால் மறுபடி வரமாட்டார் என்று நினைக்கக் காரணம் இருந்தால் நீதிமன்றம் பிணையை மறுக்கலாம். ஏற்கெனவே கொடுத்த திகதிக்கு வராதவர் என்பது அந்தக் காரணத்தைத் தானே எழுதிக் கொடுத்தது போலத்தான். இதனால்தான் முதலில் சொன்னதைத் திரும்பவும் சொல்கிறேன்: பிடிபடும் வரை காத்திருக்க வேண்டாம்.

எப்படிப் போவது என்றால், பொலிஸ் நிலையத்துக்கு முதலில் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்தில் வழமையாகத் தோன்றும் ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். அவர் நீதிமன்றப் பதிவகத்தில் வழக்கு இலக்கத்தைத் தேடி எடுத்து, வழக்கை அழைக்கும்படி கேட்கும் நகர்த்தல் பத்திரம் ஒன்றைத் தாக்கல் செய்து தம்பியை நீதவான் முன்னால் ஆஜராக்குவார். பிடியாணையை மீளப்பெறும்படி கேட்பார். ஏன் முதலே வரவில்லை என்று நீதவான் கேட்பார். உண்மையைச் சொல்லட்டும். 'பயந்துவிட்டேன்' என்பது ஒரு நீதவான் காலம் முழுக்கக் கேட்டுப் பழகிய பதில்தான். வராத திகதிக்குப் போலி மருத்துவச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போகும் யோசனையை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அடையாள அட்டை, லைசன்ஸ் பிரதி, வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதி, வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி எல்லாவற்றையும் கொண்டு போகட்டும். கையில் பணமும் இருக்கட்டும், ஏனென்றால் தண்டத்தை அன்றைக்கே கட்டவேண்டி வரலாம். முழுத் தொகையும் இல்லாவிட்டால் சட்டத்தரணி மூலம் தவணை கேட்கலாம். கேட்காமல் கட்டாமல் விட்டால்தான் அதற்குப் பதிலாகச் சிறை என்ற நிலை வரும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். வழக்கு முடிந்ததும் தண்டப் பற்றுச்சீட்டோடு நின்றுவிடாமல், பிடியாணை மீளப்பெறப்பட்டது, வழக்கு முடிந்தது என்று காட்டும் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதிக்கும் விண்ணப்பியுங்கள். நீதிமன்றத்தில் மீளப்பெற்ற பிடியாணை பொலிஸ் நிலையப் புத்தகத்தில் அழிபடாமல் கிடப்பது நடக்கிற விஷயம். ஒரு வருடம் கழித்து மறித்துக் கேட்டால் காட்டுவதற்கு அந்தப் பிரதிதான் கையில் இருக்கும். பொலிஸ் றிப்போட் எடுக்கும்போதும் உதவும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் நிலையம் உண்டு. ஆலோசனையாவது இலவசமாகக் கிடைக்கும்.

தம்பியின் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்னிடம் இப்படி வரும் பெடியன்களில் காசில்லாமல் கட்டாதவர்கள் குறைவு. சீருடையைக் கண்டால் ஒதுங்கிப் போ, பொலிஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள்தான் கூட. சோதனைச்சாவடிகளுக்கு நடுவில் பிள்ளை வளர்த்த தாய் தகப்பனுக்கு அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் உயிரைக் காத்த பழக்கம் இந்தக் காலத்தில் ஒரு தண்டச்சீட்டைப் பிடியாணையாக்கிவிடுகிறது. 'ஏன் போகவில்லை' என்று அவரைப் பேசுவதை விட்டுவிட்டு, நீங்களும் கூடப் போங்கள். திறந்த நீதிமன்றத்தில் யாரும் இருந்து பார்க்கலாம். முடிந்தால் முதல் நாளே ஒரு தடவை அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பின் வாங்கில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள், வாகன வழக்குகள் எவ்வளவு கெதியாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன என்று தெரியும். யாழ்ப்பாண நீதிமன்றத்தில் நடவடிக்கை தமிழில்தான் நடக்கும். வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை சொல்கிறது.

அநுராதபுரம் அப்படியல்ல. அங்கே நடவடிக்கை சிங்களத்தில் நடக்கும். ஆனால் அந்த மொழி விளங்காதவருக்கு அரசு செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அதே 24 ஆவது உறுப்புரை தருகிறது. இதைக் கேட்டு வாங்க வேண்டும், தலையாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. என்ன குற்றச்சாட்டு என்று விளங்காமல் 'ஓம்' என்று சொன்னவர்கள் உண்டு, அவர்கள் எதை ஏற்றுக்கொண்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. யாழ்ப்பாணத்து வழக்கு முடிந்த கையோடு அநுராதபுரத்தில் தொழில் செய்யும் ஒரு சட்டத்தரணியை உங்கள் சட்டத்தரணி மூலமாகவே தொடர்புகொண்டு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, பிடியாணை உண்டா, லைசன்ஸ் பொலிஸில் இருக்கிறதா நீதிமன்றத்துக்கு வந்துவிட்டதா என்று முதலில் கேட்டு அறியுங்கள். பிறகு அவர் சொல்லும் நாளில் தம்பி பஸ்ஸில் போய் இறங்கினால் போதும். விசாரிக்காமல் போய் இறங்கினால் வீண் அலைச்சல்.

தூரம்தான் இந்த வகைத் தண்டங்கள் கட்டப்படாமல் போவதற்குப் பெரிய காரணம். பணத்தைத் தபால் கந்தோரில் கட்டிவிடலாம், ஆனால் லைசன்ஸுக்காக நூற்றைம்பது, இருநூறு கிலோமீற்றர் திரும்பிப் போகவேண்டும். இது நியாயமில்லாத சுமை என்பது என் அபிப்பிராயம். 2025 இலிருந்து கவ்பே (GovPay) என்ற அரச இணையக் கட்டண முறை மூலம் தண்டத்தை அந்த இடத்திலேயே தொலைபேசியில் கட்டும் முறையைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படிக் கட்டினால் லைசன்ஸைக் கையோடு வாங்கிக்கொண்டு வரலாம். தெற்கே வாகனம் கொண்டுபோகும் எவரும் தண்டம் எழுதப்படும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

லைசன்ஸ் கைக்கு வரும் வரைக்கும் தம்பி மோட்டார் சைக்கிளைத் தொடக் கூடாது. வேலைக்குப் பஸ்ஸிலோ சைக்கிளிலோ போகட்டும். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் பிடியாணைக்குப் பயப்படுகிறீர்கள், நான் பயப்படுவது வேறொன்றுக்கு. செல்லுபடியான அனுமதிப்பத்திரம் கையில் இல்லாமல் ஓடும்போது ஒரு விபத்து நடந்தால், ஒரு வயோதிபரோ பள்ளிக்கூடப் பிள்ளையோ அடிபட்டால், காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்கும் ஆவணம் லைசன்ஸ்தான். அது இல்லை என்றால் இழப்பீட்டை மறுக்கக் காரணம் கிடைக்கும், அல்லது அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தைப் பிறகு உங்கள் குடும்பத்திடம் திருப்பிக் கேட்கக் காரணம் கிடைக்கும். தவறு தம்பியுடையதாக இல்லாவிட்டாலும், காலாவதியான சீட்டோடு ஓடியவர் என்ற ஒரே விஷயம் வழக்கு முழுவதிலும் அவருக்கு எதிராக நிற்கும். கனடா, வேலை, எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் இல்லாமல் போகலாம். அடிபட்ட குடும்பத்துக்கோ அதைவிடப் பெரிய இழப்பு, அவர்களுக்கு நியாயமாக வரவேண்டிய பணமும் இழுபறியில் மாட்டிக்கொள்ளும்.

லைசன்ஸ் தொலைந்தது என்று முறைப்பாடு போடும் யோசனையை இந்த நிமிடமே கைவிடுங்கள். லைசன்ஸ் தொலையவில்லை, பொலிஸிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இன்னொரு பொலிஸ் நிலையத்தில் பொய் எழுதிக் கொடுப்பது, அரச உத்தியோகத்தருக்குப் பொய்த் தகவல் கொடுத்த தனிக் குற்றம். வேக மீறல் வாகனக் குற்றம், அதை யாரும் ஒரு மனிதனின் குணத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பொய் முறைப்பாடு அப்படியல்ல, அது நேர்மை பற்றிய குற்றம். வெளிநாட்டு விசா அதிகாரிகள் இரண்டையும் ஒன்றாக எடைபோடமாட்டார்கள். 3,000 ரூபாய்த் தண்டத்தை மறைக்கப் போய் அந்தப் பெரிய குற்றத்தைச் சம்பாதித்துக்கொள்ள வேண்டாம்.

25,000 கேட்பவரைப் பற்றியும் அதே மாதிரித்தான். அவர் அந்தப் பணத்தை யாரிடமும் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்வார் என்பதுதான் கூடுதலாக நடப்பது. பிடியாணை அப்படியே இருக்கும், உங்களுக்கு முறையிட இடமும் இருக்காது. அவர் உண்மையாகவே யாருக்காவது கொடுத்தால் இன்னும் மோசம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. பிடியாணையை இரத்துச் செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு, எந்தப் பொலிஸ் உத்தியோகத்தருக்கும் இல்லை. அப்படியிருக்க அவர் எதை விற்கிறார்?

இனி கனடா. பொலிஸ் றிப்போட்டுக்கு விண்ணப்பித்தால் நீங்கள் வசிக்கும் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு விசாரணைக்கு வரும். முடியாத வழக்கும் நிறைவேறாத பிடியாணையும் கிடக்கும்போது அந்த விண்ணப்பத்தைப் போடுவது நாமே போய்க் கதவைத் தட்டுவது போல. இரண்டு வழக்குகளையும் முடித்து, உறுதிப்படுத்திய பிரதிகள் கைக்கு வந்த பிறகு விண்ணப்பியுங்கள். கனடா விண்ணப்பத்தில் எந்த நாட்டிலாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, குற்றம் சாட்டப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்கும் பகுதி இருக்கும். நடந்ததை நடந்தபடியே எழுதி, தண்டம் கட்டிய பற்றுச்சீட்டையும் இணையுங்கள். ஹெல்மெட்டும் வேகமும் பற்றிய தண்டத்துக்காக மட்டும் ஒருவரைத் தடுப்பது சாதாரணமாக நடப்பதல்ல. ஆனால் 'இல்லை' என்று எழுதி, அது பொய் என்று தெரியவந்தால் கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் பிழையான தகவலுக்கு 5 ஆண்டுத் தடை இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம் என்று சொல்லும் முகவர் 'இதையெல்லாம் எழுதத் தேவையில்லை' என்றால், கையெழுத்துப் போடப்போவது அவரல்ல, உங்கள் தம்பி என்பதை நினைவில் வையுங்கள். விண்ணப்ப முடிவுத்திகதி நெருங்கிவிட்டதென்றால் அதை முதல் நாளிலேயே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், வழக்குத் திகதி கேட்கும்போது அதையும் நீதவானிடம் எடுத்துச் சொல்லலாம்.

கடைசியாக மோட்டார் சைக்கிள். பெயர் மாற்றாமல் கடதாசியில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஓடுவது இங்கே சர்வசாதாரணம். சட்டப்படி வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அந்த வாகனம் செய்யும் ஒவ்வொரு மீறலுக்கும் பொலிஸ் முதலில் தேடிப்போவது பதிவில் பெயர் உள்ளவரைத்தான். 2024 ஜனவரியிலிருந்து கொழும்பில் கண்காணிப்புக் கமராவில் பிடிபடும் மீறல்களுக்கு, பதிவு உரிமையாளர் வசிக்கும் பகுதிப் பொலிஸ் நிலையம் மூலமாகவே அறிவித்தல் வருகிறது. தம்பிக்கு வானைக் கொடுத்த நண்பரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. உங்களுக்கு மோட்டார் சைக்கிளை விற்ற மனிதர் உங்களால் ஒரு நாள் கோட்ஸ் வாசலில் நிற்கக்கூடாது. இந்தப் பெயர் மாற்றத்துக்கு வழக்குகள் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அவர் யாழ்ப்பாணத்திலேயே இருந்தால் நாளைக்கே போய்க் கதையுங்கள். வெளிநாடு போய்விட்டார் என்றால், இங்கே அவர் சார்பில் கையெழுத்திட ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். லீசிங் கட்டி முடியாத வண்டியாக இருந்தால் முதலில் அந்தக் கம்பனியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் எடுக்க வேண்டும், அதற்கு நாள் எடுக்கும், ஆகவே அதையும் இப்போதே தொடங்குங்கள்.